டயல் காட்டிய 0.38

அன்புள்ள ரோசா அக்காவுக்கு,

இதனால் பிரான்சின் லியோன் மாநகர மக்களுக்கு அறிவிப்பது யாதெனில், புதுச்சேரியில் நம் வீட்டுக் குளியலறைக் குழாய் நேற்று மாலை 5.40 மணிக்குச் சொட்டுவதை நிறுத்திக்கொண்டது. அம்மா நலம். பூனையும் நலம். குடும்பக் குழுவில் போட்டால் சித்தப்பா வரை படிப்பார்கள் என்பதால் இந்த மின்னஞ்சல்.

அடுத்தது அப்பாவின் பட்டறைச் செய்தி. மேட்டுப்பாளையத்தில் ஒரு இரும்பு பீம் செய்தார்கள். நாலடி நீளம், ஓரடி உயரம், குட்டை, குண்டு. வெல்டிங் முழுக்க அப்பா. சுமை ஏற்றினால் எவ்வளவு தொய்யும் என்று வாங்குபவர் கணக்குக் கேட்டாராம். "எம் பொண்ணு எழுதுன புரோகிராம் இருக்கு, பையன் போட்டுக் குடுப்பான்" என்று அப்பா சொல்லிவிட்டார். போட்டேன். 0.20 மில்லிமீட்டர்.

சோதனையில் பதினோரு டன் ஏற்றியதும், தொய்வை அளக்கும் டயல் 0.38 காட்டியது. அரை மில்லிமீட்டர் வரை பரவாயில்லைதான். ஆனாலும் முதலாளி கிருஷ்ணசாமி, "கணக்கப் போல ரெண்டு பங்கு தொய்யுது சூசை, வெல்டு எங்கியோ வாயத் தொறக்குது" என்று சொல்லி, அப்பாவை கிரைண்டிங்குக்கு மாற்றிவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் இதுதான் முதல் முறை. அப்பா வீட்டில் சாப்பிடும்போது வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் உன் தம்பி களத்தில் இறங்கினான். நீளமான பீம் வளைந்து தொய்யும். குட்டை பீமில் இன்னொன்றும் சேரும். நறுக்கிய ரொட்டியை இரண்டு முனையிலும் பிடித்துத் தூக்கினால் நடுத்துண்டுகள் வழுக்கி இறங்குமே, அந்த மாதிரி. பெயர் வெட்டு உருமாற்றம். வெட்டியாய்த் திரிகிறவனுக்குத்தான் இது சட்டென்று பிடிபடும். அதையும் சேர்த்துப் போட்டேன். 0.38! கிருஷ்ணசாமி தலையைச் சொறிந்துகொண்டு, "அப்ப வெல்டு மேல தப்பில்லப்பா" என்றார். அப்பா மறுபடி வெல்டிங்கில். எனக்கு 'எஞ்சினியர் சார்' பட்டம், ஒரு டீ, இரண்டு வடை.

முதலில் ஏன் தப்பாக வந்தது என்று கேட்டார்கள். "அக்கா புரோகிராம்ல சின்ன ஓட்டை, நான் அடைச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

ஓட்டை எதுவும் இல்லை அக்கா. வெட்டு உருமாற்றத்தைச் சேர்க்கும் கட்டத்தில் நீ டிக் போட்டுத்தான் அனுப்பியிருந்தாய். வெட்டுப் பரப்பு எவ்வளவு என்று அது கேட்டது. எனக்குத் தெரியவில்லை. உன்னைக் கேட்டால் "இதுகூடத் தெரியலையாடா" என்பாய். டிக்கை எடுத்துவிட்டேன், கேள்வியும் போய்விட்டது. டயல் 0.38 காட்டிய அன்றே, அந்த டிக்தான் காரணம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறக்க இரண்டு நாள் ஆனது.

ஞாயிறு பூசை முடிந்து அப்பா உன்னிடம் பேசுவார். புரோகிராமைப் பற்றிக் கேட்டால் எதுவும் சொல்லாதே. போனை என்னிடம் கொடுக்கச் சொல். பக்கத்திலேயே இருப்பேன், உண்மையை நானே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் தம்பி
நெல்சன்