நீதிபதியிடம் சொல்ல வேண்டியது

அன்பு மகளுக்கு,

அம்மா சொல்லி எழுதவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன்.

பஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் முதுகுவலிக்காக அந்த டாக்டரிடம் திரும்பத் திரும்பப் போனது உனக்குத் தெரியும். கால் மரத்துப்போகிறது என்றேன். "டிரைவருங்களுக்கு இதெல்லாம் சகஜம்" என்று ஒவ்வொரு தடவையும் மாத்திரை கொடுத்து அனுப்பினார். கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது நரம்பு நசுங்கி, சரிசெய்யும் கட்டத்தைத் தாண்டியிருந்தது. நடை போனது உனக்குத் தெரியும். மற்றது தெரியாது.

நேற்று அந்த டாக்டர்மேல் போட்ட வழக்கு விஷயமாக, நானும் அம்மாவும் வக்கீலைப் பார்த்தோம். சின்ன வயசுப் பெண். "நடக்க முடியாததைத் தவிர வேற என்ன கஷ்டம் சார்?" என்று கேட்டாள். நான் சுவரைப் பார்த்தேன். அம்மாதான் சொன்னாள்: "ஒண்ணுக்குப் போறதே இவருக்குத் தெரியாதும்மா. நான்தான் துணி மாத்துறேன்."

திரும்பி வரும் வழியெல்லாம் அம்மாவோடு நான் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல வெந்நீர் கொண்டுவந்தாள். "வெட்கப்படுறதுன்னா அந்த டாக்டர் படட்டும். நீங்க கொஞ்சம் திரும்பிப் படுங்க" என்றாள்.

உன் வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்காததும், பிள்ளையை மடியில் வாங்காததும் இதனால்தான். பாசம் இல்லாமல் இல்லை.

புதன்கிழமை இதையெல்லாம் நானே என் வாயால் நீதிபதியிடம் சொல்ல வேண்டும். உன்னை வர வேண்டாம் என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். பரவாயில்லை, வா. நான் பேசும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்காதே. அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்.

உன் அப்பா