ஒன்பதே கால் மணிக்கு வந்த போன்

அன்புத் தோழிக்கு,

கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்போடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ உடல் சுகத்தோடு இருக்க வேண்டும்.

அன்றைக்கு எங்கள் முன்னறையில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், என் மகள், என் நாத்தனார், கீழ்வீட்டுத் தையல்காரம்மா, தெருச் செய்தியெல்லாம் ஒலிபரப்புவதால் நாம் ரேடியோ என்று கூப்பிடும் எதிர்வீட்டுக்காரி, பிறகு நீ. மொத்தம் ஏழு பேர். ஒருவரையும் விடவில்லை.

ஏழு வருஷத்துக்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து பன்னிரண்டு நாள் லீவில் வந்திருந்தாய். தெருவைக் கடக்க என் முந்தானையைப் பிடித்துக்கொள்ளும் பயந்தாங்கொள்ளி, அந்த ஊரில் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு பஸ் ஓட்டுகிறாய். "டிரைவரம்மா, எங்க வீட்டு ஸ்கூட்டரையும் கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்க" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நீ வளர்ந்துவிட்டாய், நான் இருந்த இடத்திலேயே இருக்கிறேன் என்று பட்டது.

அப்போதுதான் மகளின் பேச்சு வந்தது. நீ இருக்கும் ஊரிலேயே, செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் இரண்டு வருஷப் பயிற்சிக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் வேண்டாம் என்றேன். நீ, "அனுப்பு. பயந்துக்கிட்டே போகட்டும். நானும் அப்படித்தானே போனேன்" என்றாய்.

அதற்கு நான் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன். "பெத்தவ சாகக் கிடக்கறப்ப எட்டிப் பாக்காதவ நீ. என் பொண்ணு எங்க போகணும்னு நீ சொல்லாத."

பழைய நீயாக இருந்தால் அழுதுகொண்டே அத்தனையையும் கொட்டியிருப்பாய். அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. டீ கிளாஸை நீயே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாய். "நல்லாக் கேட்ட" என்று நாத்தனார் என் முதுகைத் தட்டினாள். நானும் அதை வாங்கிக்கொண்டு நின்றேன்.

நீ ஏன் வரவில்லை என்பது உனக்கும் எனக்கும்தான் தெரியும். அப்போது நீ போய் ஐந்து மாதம். பஸ் ஓட்டும் பரீட்சைக்கு நான்கு நாள் இருந்தது. "அம்மாவுக்கு எப்படி இருக்கு, நான் வரணுமா?" என்று போன் செய்தாய். "வெறும் காய்ச்சல்தான், நீ பரீட்சைய முடி" என்றேன். எனக்கும் விவரம் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றே இத்தனை வருஷம் நம்பியிருப்பாய்.

எனக்குத் தெரியும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பிரார்த்தனைப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் எழுதப் பழகினேன். பழகின நாளிலிருந்து வீட்டில் நடப்பதையெல்லாம் நோட்டில் குறித்து வைப்பவள். போன வாரம் மகள், தான் தடுப்பூசி போட்டுக்கொண்ட தேதியைப் பயணப் படிவத்தில் எழுத அந்த வருஷத்து நோட்டைப் புரட்டினாள். அதில் என் கையெழுத்திலேயே இருந்தது: "காலை எட்டு மணி. இருதயம் ஓய்ந்துவிட்டது, மூன்று நாள் தாங்கினால் பெரிது என்று டாக்டர் சொன்னார். ஒன்பதே கால். அவள் போன். காய்ச்சல் என்று சொன்னேன்."

இரண்டு நாள் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் துணி மடித்துக்கொண்டே, "சித்திய வரவிடாம பண்ணினது நீதானாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட என்னிடம், பரீட்சை கெடக்கூடாது, சொல்லாதே என்று உன் அம்மாதான் முதலில் கேட்டுக்கொண்டார்கள். அது உண்மை. ஆனால் மறுநாள் மத்தியானம் மனசு மாறி, "அவ கெளம்பிட்டாளா?" என்றார்கள். அப்போதாவது உனக்குப் போன் செய்திருக்கலாம். நான், "கெளம்பிட்டா" என்றேன். அதற்குப் பிறகு என்னை உன் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் "உம்" கொட்டினேன். எனக்கு நினைவு தெரியும் முன்பே என் அம்மா போய்விட்டாள் என்பது உனக்குத் தெரியும். நெற்றியைத் தடவி ஒருவர் "மகளே" என்று சொல்வதை நான் அதுவரை கேட்டதில்லை. அந்த இரண்டு நாளை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன். நல்லதுக்குத்தான் செய்தேன் என்று ஊருக்குச் சொல்லலாம். உனக்குச் சொல்ல முடியாது.

உன் அம்மா போன அன்றே கடவுளிடம் சொல்லி அழுதுவிட்டேன். அவர் மன்னித்துவிட்டார், கணக்கு முடிந்தது என்று நானாகவே தீர்மானித்துக்கொண்டேன். உன்னிடம் அல்லவா முதலில் வந்திருக்க வேண்டும்!

அன்று அறையில் இருந்தவர்களிடம் ஒவ்வொருவராகப் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு, "அந்தப் பொண்ணு இதையா வாயத் தொறக்காம கேட்டுட்டுப் போச்சு?" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். நாத்தனார், "முடிஞ்ச கதைய ஏன் கிளறற?" என்றாள். ரேடியோவிடம் சொல்லி நான்கு நாளாகிறது, தெருவில் இன்னும் ஒருவருக்கும் தெரியவில்லை. அவளே வாயை மூடிக்கொண்டாள் என்றால் நான் செய்தது எப்பேர்ப்பட்டது என்று பார்த்துக்கொள். வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான்கு தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. எடுக்காததும் நல்லதுக்குத்தான். போனில் உன்னிடம் பொய் சொல்லிப் பழகின வாய் இது.

மகள் கிளம்புகிறாள். நான் சரி என்று சொல்லிவிட்டேன். வருகிற இருபத்தோராம் தேதி, உங்கள் ஊர் நேரம் காலை ஆறு நாற்பதுக்கு இறங்குகிறாள். உன் வீட்டு வாசலை மிதிக்க எந்த முகத்தோடு போவேன் என்கிறாள். உன் முகவரியை எழுதிக் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டாள். அந்த ஊரில் அவளுக்கு வேறு ஒருவரையும் தெரியாது. தங்கப் போவது நான்கு பேர் இருக்கும் ஓர் அறை.

உன்னிடம் உதவி கேட்கத்தான் இதையெல்லாம் ஒப்புக்கொண்டேன் என்று உனக்குத் தோன்றலாம். அப்படித் தோன்றினால் நான் மறுக்க மாட்டேன். மறைத்துவிட்டுக் கேட்க மட்டும் மனம் ஒப்பவில்லை. என்னை நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அவள் தப்பு ஒன்றும் செய்யவில்லை. அன்று காலை விமான நிலையத்தின் வெளி வாசலில் நீ நின்றால் போதும். என்னைப் பற்றி ஒன்றும் பேச வேண்டாம்.

உன் கைக்கும் காலுக்கும் ஒரு குறையும் வராமல் ஆண்டவன் காக்கட்டும். நீ ஓட்டும் பாதையெல்லாம் நேராக இருக்கட்டும். தினமும் இதைத்தான் வேண்டுகிறேன். உன் பெயரை வாயால் சொல்லத்தான் கூசுகிறது.

இன்று மூன்றாம் தேதி. நீ வருவாயா மாட்டாயா என்று தெரிந்தால்தான் அவளுக்கு வேறு ஏற்பாடு செய்ய முடியும். எதுவானாலும் ஒரு வரி, சீக்கிரம் பதில் போடு.

இப்படிக்கு,
உன் தோழி