ராசியில்லாதவளின் சனிக்கிழமைகள்

ஆகஸ்ட் 29, வியாழன்

நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக்கு இன்று வந்தவர்களில் பாதிப் பேருக்குப் பல்லைப் பற்றிய நினைப்பே இல்லை. வாயில் பஞ்சை வைத்து அடைத்தாலும், பந்தைக் கையால் எறிந்து ஆடுகிற எங்கள் அமெரிக்க ஃபுட்பால் பேச்சு நிற்கவில்லை. கார்வர் பல்கலைக்கழகத்தின் நாரைகள் அணிக்கு இந்த ஆண்டு நாட்டிலேயே ஒன்பதாம் இடம் கொடுத்திருக்கிறார்கள் பத்திரிகைக்காரர்கள். இன்னும் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. பிள்ளை பிறக்கும் முன்பே பெயர் வைத்து, பள்ளிக்கூடத்திலும் சேர்த்தாயிற்று.

கேலி செய்கிறேனே தவிர எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. இந்த வீட்டில் அந்தக் கல்லூரியில் படித்தவள் நான் ஒருத்திதான். ஆட்டத்துக்கு ஆட்டம் மைதானத்தில் பேண்டு வாத்தியக் குழுவோடு நின்று கிளாரினெட் ஊதியவள். என் கணவன் டுவேன் அந்தக் கல்லூரிப் பக்கம் வந்ததே என்னைப் பார்க்கத்தான். இப்போது கேட்டால், நாரைகள் என்னவோ அவன் பரம்பரைச் சொத்து. கீழ்த்தள அறை முழுக்கப் பச்சை வண்ணம் அடித்துவிட்டான். அவன் தம்பி கெர்ட் சுவர் அகலத்துக்கு ஒரு டி.வி. கொண்டுவந்து மாட்டினான்.

முதல் ஆட்டத்துக்கு நான் இருக்க மாட்டேன். டென்வரில் மகள் ஷெல்பி வீடு மாறுகிறாள். பெட்டி கட்ட ஆள் வேண்டுமாம்.

ஆகஸ்ட் 31, சனி

நாற்பத்தொன்றுக்கு மூன்று. ஜெயித்தோம். டுவேன் போனில் போட்ட கூச்சலில் ஷெல்பியின் பூனை கட்டிலுக்கடியில் போய்விட்டது.

செப்டம்பர் 7, சனி

தோற்றோம். யாரிடம்? சுலபமாக ஜெயிக்கலாம் என்று நாங்களே காசு கொடுத்து வரவழைத்த ஒரு சின்னக் கல்லூரியிடம். கூப்பிட்டு விருந்து வைத்து, வீட்டுச் சாவியையும் கையில் கொடுத்து அனுப்பியது போல.

மூன்று பேரும் சோபாவில் இருந்தோம். நடுவில் நான், எப்போதும்போல. ஆட்டம் முடிந்ததும் கெர்ட் என் பக்கம் திரும்பினான்.

"அண்ணி, போன வாரம் நீங்க இல்ல, ஜெயிச்சோம். இந்த வாரம் இருக்கீங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

செப்டம்பர் 14, சனி

இடைவேளையில் பதினேழு புள்ளி பின்தங்கியிருந்தோம். அடுப்பில் வைத்த பட்டைச் சுருள் ரொட்டியைப் பார்க்க மாடிப்படி ஏறினேன். கீழே கூரை பிய்கிற சத்தம். டச் டவுன், எங்களுக்கு ஒரேயடியாக ஆறு புள்ளி. இறங்கி வந்து உட்கார்ந்தேன். எங்கள் பையன் எறிந்த அடுத்த பந்தை எதிராளி பிடித்துக்கொண்டான்.

"மார்லி, மேல போ," என்றான் டுவேன். "சும்மா போய்த்தான் பாரேன்."

போனேன். இன்னொரு டச் டவுன். அதற்குப் பிறகு இறங்கவே விடவில்லை. மாட்டுக்கறிக் குழம்பையும் ரொட்டியையும் படிக்கட்டிலேயே வாங்கிக்கொண்டார்கள். என் சமையலுக்கு மட்டும் ராசி உண்டு போலிருக்கிறது.

ஜெயித்தோம். நானும் சமையலறையில் நின்று தனியாகக் கைதட்டினேன். சிரிப்புத்தான் வந்தது. ஆனாலும் — ஒருவேளை இருக்குமோ?

செப்டம்பர் 21, சனி

கெர்ட்டின் கணக்கில் சமையலறையும் வீட்டுக்குள்தான் சேர்த்தி. அதனால் காரை எடுத்துக்கொண்டு சூப்பர்மார்க்கெட் வாசலில் போய் நின்றேன். ஜெயித்தோம்.

செப்டம்பர் 28, சனி

தோற்றோம். நான் கதவைத் திறந்ததும் கெர்ட் கேட்ட முதல் கேள்வி: "அண்ணி, கார்ல ரேடியோ போட்டீங்களா?"

போட்டேன். எனக்குப் பொய் சொல்ல வராது. அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பந்தைக் கைநழுவ விட்டவன் எங்கோ வெளியூர் மைதானத்தில் நிற்கிற ஒரு பையன். பழி இங்கே ரேடியோ கேட்டவள் தலையில். இனி ரேடியோவும் கிடையாது என்று முடிவாயிற்று. சரி என்று தலையாட்டியவள் நான்தான்.

அக்டோபர் 12, சனி

தோற்றோம். கடையில் பணம் வாங்குகிற பெண்ணிடம் என்ன நிலவரம் என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். இதை இவர்களிடம் சொல்லப்போவதில்லை.

அக்டோபர் 19, சனி

இரண்டு நாளாகக் காய்ச்சல். வெளியே ஆலங்கட்டியோடு மழை. போர்வைக்குள் சுருண்டு கிடந்தேன். ஆட்டம் தொடங்கும் சமயத்தில் டுவேன் வந்து கட்டில் ஓரமாக உட்கார்ந்தான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். மாத்திரை வேண்டுமா என்று கேட்கப் போகிறான் என்று நினைத்தேன்.

"மார்லி, கெர்ட் வந்துட்டான்."

"வரட்டும்."

"கார்ல ஹீட்டர் நல்லாத்தான் வேலை செய்யுது. ஃப்ளாஸ்க்ல சூப் ஊத்தித் தரட்டுமா?"

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் —

போனேன். எழுந்து, கோட்டை மாட்டிக்கிட்டு, போனேன். என்ன ஜென்மம் நான்? காய்ச்சல்காரிய மழையில அனுப்புறான், நானும் ஃப்ளாஸ்க்க வாங்கிட்டுப் போறேன். யாருக்காகப் போனேன்? அவனுக்காகவா? இல்ல. அதான் எரியுது. நான் படுத்திருந்து, அவங்க தோத்துட்டா என்ன பண்றதுன்னு எனக்கே பயம். அவன் சொன்னத நான் நம்பிட்டேன்.

அதே சூப்பர்மார்க்கெட் வாசல். ரேடியோவைத் தொடவில்லை. கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. பச்சைத் தொப்பி போட்ட ஒருவர் கடையிலிருந்து போனைப் பார்த்துக்கொண்டே வந்தார். தள்ளுவண்டியைக் கொண்டுபோய்க் கம்பத்தில் வேண்டுமென்றே மோதினார். எனக்குத் தெரிந்துவிட்டது.

முப்பதுக்கு ஏழு. தோற்றோம். வீடு திரும்பியதும் டுவேன் ஆட்டத்தைப் பற்றித்தான் பேசினான். சூப் குடித்தாயா என்றுகூடக் கேட்கவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

ஷெல்பி போன் செய்தாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"நீ ஏம்மா போன?"

"சும்மா விளையாட்டுக்குடி."

"காய்ச்சலோட கார்ல உக்காந்திருக்கறது எந்த ஊரு விளையாட்டு?"

அடுப்பில் பால் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அக்டோபர் 26, சனி

இடத்தை மாற்றி நூலகத்துக்குப் போனேன். ஜெயித்தோம். நூலகம் நல்ல இடம் என்கிறான் கெர்ட்.

நவம்பர் 2, சனி

அதே நூலகம், அதே நாற்காலி. தோற்றோம். கெர்ட் இப்போது நாற்காலியைச் சந்தேகப்படுகிறான்.

நவம்பர் 23, சனி

நடுவில் ஒன்றில் ஜெயித்தோம். இன்று மறுபடி தோல்வி. ஐந்து வெற்றி, ஆறு தோல்வி. ஒன்பதாம் இடம் கொடுத்தவர்கள் இப்போது நாரைகளின் பெயரைக்கூட எழுதுவதில்லை. ஒரே ஒரு ஆட்டம்தான் பாக்கி, டன்மோர் கல்லூரியோடு. அதில் ஜெயித்து ஆறாவது வெற்றி வந்தால் டிசம்பரில் ஒரு கூடுதல் ஆட்டம் கிடைக்கும். இல்லாவிட்டால் அத்தோடு சரி.

கெர்ட் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டான். டுவேன் டி.வி.யை அணைத்துவிட்டு அந்தப் பச்சைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். டிராக்டர் பட்டறையில் ஆண்டு முழுக்க எண்ணெய்க் கையோடு நிற்கிறவன். "இது ஒண்ணுக்காகத்தான் மார்லி வருஷம் பூரா காத்திருந்தேன்," என்றான். கண் கலங்கியிருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் பாவமாகத்தான் இருக்கிறது.

அப்புறம் சொன்னான்: "கோச்சைத் தூக்கணும். எல்லாம் அந்தாளால வந்தது."

"அப்ப என்னால இல்லையா?"

"அது வேற, இது வேற."

பாவம் பார்த்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை.

நவம்பர் 30, சனி

நூலகத்துக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நெடுஞ்சாலை பிரிகிற இடம் வந்ததும் கார் கார்வர் பக்கம் திரும்பியது. நான்தான் திருப்பினேன்.

ஸ்டேடியத்தில் பாதி காலி. வாசலில் ஒருவர் டிக்கெட்டைச் சும்மாவே நீட்டினார். "எடுத்துக்கங்க. என் பொண்டாட்டி இந்தக் கண்றாவிக்கு வரமாட்டேன்னுட்டா." மேல் வரிசையில் உட்கார்ந்தேன். பனிக்காற்று காதை அறுத்தது. டன்மோர்க்காரர்கள் ஒற்றைக் காலைத் தூக்கி நொண்டியடித்துக் காட்டினார்கள், நாரையாம். "அடுத்த காலையும் ஒடச்சு அனுப்புறோம்" என்று ஒரு பொடியன் கத்தினான். என் பக்கத்தில் இருந்த கிழவி தொண்டை கிழியத் திருப்பித் திட்டினாள். அவளோடு நானும் திட்டினேன். இந்தப் பருவத்தில் நாரைகளுக்காக நான் வாயைத் திறந்து கத்தியது அப்போதுதான் முதல் முறை.

வெற்றி தோல்வி என் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்ற பயம் முதல் பாதி முழுக்க இருந்தது. எழுந்து போய்விடலாமா என்று இரண்டு முறை நினைத்தேன். போகவில்லை. பேண்டு வாசித்தபோது விரல்கள் தாமாகவே மடியில் தாளம் போட்டன.

இருபதுக்குப் பதினேழு. கடைசி உதையில் ஜெயித்தோம். கிழவி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன், ஆனால் அது ஆட்டத்துக்காக இல்லை.

வீட்டில் அண்ணனும் தம்பியும் குதித்துக்கொண்டிருந்தார்கள். "பாத்தியா, நீ நூலகத்துக்குப் போன ராசி," என்றான் டுவேன்.

"நான் ஸ்டேடியத்துல இருந்தேன். ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் பாத்தேன்."

டுவேன் தரையைப் பார்த்தான். இப்போது கேட்பான், ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்பான் என்று காத்திருந்தேன்.

முதலில் வாயைத் திறந்தது கெர்ட். "அப்படின்னா அண்ணி, இனிமே நீங்க ஸ்டேடியத்துலதான் இருக்கணும்."

"ஆமால்ல," என்றான் டுவேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

டிசம்பர் 9, திங்கள்

கூடுதல் ஆட்டம் டெக்சாஸில். இரவுச் சாப்பாட்டில் டுவேன் என் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு உறையை வைத்தான். விமான டிக்கெட், ஆட்டத்துக்கு டிக்கெட். ஒரே ஒரு ஆளுக்கு.

"நீ வரலையா?"

"என் முழங்காலுக்கு அந்தப் படியெல்லாம் ஏற முடியாது. நீ போய் உக்காந்தா போதும்."

பெரிய பரிசு கொடுத்தவன் மாதிரி சிரித்தான். அவன் மனதில் கெட்டது இல்லை, அதுதான் கொடுமை. முன்பு என்னைத் துரத்தியது ராசியில்லாதவள் என்று. இப்போது ராசிக்காரி என்று. எப்படியும் வீட்டில் இருக்கக் கூடாது.

"நான் போகல டுவேன். வீட்டுலதான் பாப்பேன். சோபாவுல, என் எடத்துல. தோத்தா தோக்கட்டும்."

"விளையாடாத மார்லி."

"காய்ச்சலோட என்னை மழையில அனுப்புன. நெனப்பிருக்கா?"

சாப்பிடுவதை நிறுத்தினான். பிறகு உறையை எடுத்து அலமாரி மேல் வைத்தான்.

டிசம்பர் 28, சனி

கெர்ட் வந்தான். நான் சோபாவின் நடுவில் இருப்பதைப் பார்த்து வாசற்படியிலேயே நின்றான். "அண்ணி?" என்றான். டுவேன்தான், "உக்காருடா" என்றான்.

இடைவேளையில் பதினான்கு புள்ளி பின்தங்கியிருந்தோம். கெர்ட் தொண்டையைச் செருமினான். மேலே ரொட்டி கருகுகிறதோ என்று கேட்டான். இன்று நான் ரொட்டியே சுடவில்லை என்றேன். மூன்றாம் பகுதியில் எங்கள் பையன் பந்தை எறியாமல் கையில் வைத்துக்கொண்டே நிற்க, எதிராளிகள் பாய்ந்து அவனைச் சாய்த்துவிட்டார்கள். டுவேன் என் பக்கம் திரும்பினான். வாயைத் திறந்தான்.

"அவன் ஏன் எறியாம நின்னான்?" என்று கேட்டான்.

"வலது பக்கம் ஓட வேண்டியவன் ஓடல. எறியறதுக்கு ஆள் இல்ல," என்றேன்.

"ஓ," என்றான்.

இருபத்து நான்குக்குப் பத்து. தோற்றோம். நான் எழுந்திருக்கவில்லை.