தெருமுனை ஹாரன்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. என் முட்டி வலியையும் உன் அப்பாவின் பிடிவாதத்தையும் தள்ளிவிட்டால் இங்கே எல்லாரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் ஏன் ஒரு மாதிரி பேசினாய் என்று கேட்டாயே, அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அதனால்தான் உனக்குக் கடிதம். வாயாடி இறந்துபோய்விட்டாள் கண்ணு. போன வெள்ளிக்கிழமை.

யார் வாயாடி என்று உனக்குத் தெரியும். நோயாளிக் குழந்தைகளுக்காக நம் ஊர் சேவைக் கிளப் இலவசமாக விடும் வண்டியில் அப்பா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்வந்த குழந்தைகளில் அவருக்கு ரொம்பச் செல்லம், ஏறியதும் வாய் திறந்தால் இறங்கும்வரை மூடமாட்டாள், அதனால் அப்பா வைத்த பேர். நான் அவள் அம்மாவுக்குக் கேரியரில் சாப்பாடு கொடுத்தனுப்புவேன். நீ ஹாஸ்டலிலிருந்து வரும்போதெல்லாம் அப்பா தெருமுனையிலேயே ஹாரனை நீளமாக அடிப்பாரே, நான் கரண்டியும் கையுமாக வாசலுக்கு ஓடிவருவேனே, அந்தப் பழக்கத்தை அவர் கிளப்புக்கும் கொண்டுபோய்விட்டார். சிகிச்சை முடிந்து ஒரு குழந்தை வீடு திரும்பினால் அதன் தெருமுனையில் ஹாரன், தெருவே வெளியே வந்து கை தட்டும். குழந்தைகள் ஆஸ்பத்திரியில் அதைப் பற்றித்தான் பேசிக்கொள்ளுமாம், எனக்கு எப்போ ஹாரன், உனக்கு எப்போ ஹாரன் என்று.

அவளைக் கடைசியாகக் கூட்டிவந்த அன்று, இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் அம்மா வண்டியில் ஏறுமுன் அப்பாவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். குழந்தையிடம் ஊசி இனிமேல் கிடையாது என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். அது வேறென்ன நினைக்கும்? தெரு நெருங்க நெருங்க, டிரைவர் தாத்தா, எனக்குத்தான் ஊசி முடிஞ்சிடுச்சே, ஹாரன் அடிக்க மறந்துடாதீங்க என்று சொல்லிக்கொண்டே வந்தாளாம். அப்பா கண்ணாடியில் அவள் அம்மாவைப் பார்த்தாராம், அந்தப் பெண் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். இவர் அடித்துவிட்டார்.

தெருவே வந்துவிட்டது. இஸ்திரிக்காரர் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தாராம், தையல்காரம்மா குழந்தை பள்ளிக்கூடம் போகும்போது போட்டுக்கொள்ள ஒரு புது கவுனோடு வந்தாளாம். வாயாடி ராணி மாதிரி கை அசைத்தாளாம். அதற்குப் பிறகு பட்டதெல்லாம் அவள் அம்மா. பள்ளிக்கூடம் எப்போ அனுப்பப்போறே என்று கேட்டு வந்தவர்களிடமெல்லாம், உள்ளே படுத்திருக்கும் குழந்தைக்குக் கேட்காமல், வாசலிலேயே நிறுத்தி, குணமாகலைங்க என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. கேள்விப்பட்டதும் எனக்கு வந்த கோபத்தில், உங்களுக்குக் கை முந்தும் புத்தி பிந்தும் என்று கத்திவிட்டேன். அந்த ஸ்டியரிங் என் கையில் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

அடக்கத்துக்குப் போனவர் எல்லாருக்கும் பின்னால் சுவரோரமாக நின்றுவிட்டு வந்தார். வந்ததும் சாவியைக் கிளப் தலைவரிடம் கொடுத்துவிட்டார். நம் ஜவுளிக்கடைக்காரர்தானே தலைவர், அவர் வீட்டுக்கே வந்து, ஹாரன் ஒயரைப் பிடுங்கிட்டுத் தர்றேன், வந்து ஓட்டுங்க ஐயா, புதுசா ஒரு பையன் ஆஸ்பத்திரிக்குப் போகணும், வேற ஆள் இல்லை என்று கெஞ்சினார். அப்பா சாவியை வாங்கிக்கொள்ளவில்லை. சாப்பாடும் பாதி தட்டிலேயே கிடந்தது.

நேற்று அவள் அம்மா என் கேரியரைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்திருந்தாள், அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அப்பாவைப் பார்த்து, உங்க மேல எனக்குக் கோபம் இருக்குங்க, அது போகும்னு தோணலை, ஆனா அன்னிக்குத் தூங்கற வரைக்கும் என் பொண்ணு அந்தக் கைதட்டலைத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா, மத்த புள்ளைங்களுக்கு இல்லேன்னு ஆக்கிடாதீங்க, வண்டியை எடுங்க, எங்க தெருவுல மட்டும் அடிக்காதீங்க, என்னால தாங்க முடியாது என்றாள். அப்பா சின்னப் பிள்ளை மாதிரி தலையை ஆட்டினார். அவள் போன பிறகு முற்றத்துக் குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் முகம் கழுவினார்.

இன்று காலை அந்தப் பையனை ஏற்றிக்கொண்டு போனார். நம் தெருமுனையில்கூட ஹாரன் அடிக்காமல் திரும்பியிருக்கிறார், சைக்கிளில் வந்த பால்காரர் திட்டியது சமையலறை வரை கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் செய். வண்டியைப் பற்றிக் கேள், டயரைப் பற்றிக் கேள், வாயாடியைப் பற்றி அவராகச் சொன்னால் மட்டும் கேட்டுக்கொள், புத்தி சொல்லாதே. இருமல் இருந்தால் மாத்திரையோடு நிறுத்தாமல் டாக்டரைப் பார். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், மனம் கோணாமல் நன்றாக இருக்க வேண்டும், எனக்கு வேறென்ன வேண்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நீ லீவில் வரும்போது ஸ்டேஷனுக்கு அப்பாதான் வருவார். தெருமுனையில் அவர் ஹாரன் அடிக்காவிட்டால் ஏன் என்று கேட்காதே. நான் முன்னாலேயே வாசலில் வந்து நின்றிருப்பேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா