இது சாரணைதானே?

இன்று காலை கட்டிலுக்கடியில் கிடந்த செடி அழுத்தும் பலகைகளைத் துடைக்க எடுத்தேன். பிரித்ததும் பழைய செய்தித்தாளும் காய்ந்த இலையும் கலந்த வாசனை. உள்ளே நாம் வைத்த மூக்கிரட்டை, பூ வெளுத்துக் கிடந்தது. உன்னிடம் காட்டத் திரும்பினேன். குக்கர் மட்டும்தான் சத்தம் போட்டது.

எந்தச் செடியை மக்கள் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று நேரில் போய்க் கேட்டறியும் பயிற்சியில் நாம் இருவரும் சேர்ந்திருந்தோம். காலையில் ஆவடியில் வகுப்பு, மதியம் வெயிலில் அலைச்சல். வீட்டுக் கணக்கைப் பிசகாமல் எழுதிப் பழகியவள் என்பதால் குறிப்பெடுப்பது என் வேலையானது, பேச்சு உன்னுடையது. வேப்பம்பட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் இந்தச் செடியை நீட்டி, "இது சாரணைதானேம்மா?" என்றாய். "ஆமா" என்றார். நானும் சாரணை என்றே எழுதினேன்.

மறுநாள் பயிற்சியாளர் செடியையும், கேள்வியோடு நான் எழுதியிருந்த தாளையும் பார்த்தார். "இது சாரணை இல்ல, அது மாதிரியே இருக்கிற வேற செடி. பதிலை நீங்களே ஊட்டிட்டீங்க, அவங்க மரியாதைக்கு முழுங்கிட்டாங்க. பேர் என்னன்னு கேட்டுட்டு சும்மா இருங்க."

திரும்பிப் போய் அப்படியே கேட்டோம். "மூக்கிரட்டை" என்றார் அந்த அம்மா.

"நேத்து சாரணைன்னியே?"

"நீதாம்மா சொன்ன. வெயில்ல வந்து கேக்குற, இல்லன்னு சொன்னா மூஞ்சி சுருங்கிடுமேன்னு உட்டுட்டேன்."

ரயில் வரும்வரை சிரித்தாய்.

பிறகு நீ நோயில் படுத்துவிட்டாய். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோவில்பதாகையில் உன் வீட்டுக்கு வருவேன். "இப்ப பரவாயில்லதானே?" என்பேன். "ஆமாக்கா" என்பாய். ஒரு நாள் கண்ணைத் திறக்காமலே சொன்னாய்: "இன்னாக்கா, எனக்கும் சாரணையா? கேட்டுட்டு சும்மா இரேன்."

எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். தெருவில் தண்ணீர் லாரி வந்து, குடங்கள் நிரம்பி, லாரி போயும் விட்டது.

"பயமா கீதுக்கா. ஊட்ல யார்கிட்டயும் சொல்ல முடியல."

அதன்பின் கடைசிவரை நாம் ஒருவருக்கொருவர் பொய் சொல்லவில்லை.

நீ போனபிறகு சபையில் என்னைப் பார்க்கிறவர்கள், "நல்லா இருக்கீங்கல்ல?" என்கிறார்கள். ஆமாம் என்கிறேன். அவர்கள் முகம் சுருங்கிவிடக் கூடாதே.

முன்பெல்லாம் ஜெபத்திலும், "அவளைச் சுகமாக்குவீர்தானே, ஆண்டவரே" என்றுதான் கேட்பேன். இப்போது, "அவள் அங்கே எப்படி இருக்கிறாள்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, முழங்காலிலேயே சும்மா இருக்கிறேன்.