வளையாத ஒரே இடம்

மார்ச் 4
மெட்ரோ தடத்தின் வரைபடத்தை முடித்துவிட்டேன். இருபது கிலோமீட்டருக்கு இரண்டே வளைவு! கோடு அக்கா வீட்டுச் சமையலறைக்குள் புகுந்து போகிறது. அதற்காக நகர்த்துகிற ஆளா நான்?

மார்ச் 9
அக்காவிடம் சொன்னேன். அந்தச் சமையலறை மேடையில் உட்கார்ந்துதான் படித்தேன். சோறு போட்டுப் படிக்க வைத்தவள் அவள். "ஊருக்கு நல்லதுன்னா போகட்டும்டா" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

மார்ச் 21
மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். எல்லோருக்கும் ரயில் வேண்டும், பக்கத்துத் தெருவில். ஒருவர் தன் வாசலில் நிலையம் கேட்டார். தண்டவாளம் மட்டும் வரக்கூடாதாம். பிறகு ரயில் எப்படி வரும் என்றேன். அதற்குத்தானே உனக்குச் சம்பளம் என்றார். கைதட்டல் அவருக்கு.

ஏப்ரல் 2
அமைச்சரின் சம்பந்தி வீட்டுக்காக ஒரு வளைவு.

ஏப்ரல் 5
கிளப்பின் டென்னிஸ் மைதானத்துக்காக இரண்டு.

ஏப்ரல் 16
மொத்தம் பதினான்கு. கோடு குடல் மாதிரி கிடக்கிறது. தலைமைப் பொறியாளர், "உங்க அக்காவுக்கும் ஒண்ணு போட்டுக்குங்க. யார் கேக்கப் போறா?" என்றார். வேண்டாம் என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

ஏப்ரல் 19
பத்திரிகையில் வரைபடம் வந்துவிட்டது. அக்கா வளைவுகளை விரல் வைத்து எண்ணினாள். "உன் நேர்மையெல்லாம் என் வீட்டுக்கு மட்டுந்தானாடா?"
அத்தனை பேருக்கும் தலையாட்டிட்டு அக்காகிட்ட மட்டும் அரிச்சந்திரன் வேஷம் — சீ, எனக்கே என்னைப் பிடிக்கலை.

ஏப்ரல் 20
வெட்கத்தை விட்டுப் போய் அக்கா வீட்டுக்கும் ஒரு வளைவு கேட்டேன். கோப்பு நேற்று மாலையே கையெழுத்தாகிவிட்டதாம். "அப்பவே சொன்னேனே" என்றார் தலைமைப் பொறியாளர்.

ஜூன் 12
அமைச்சருக்குக் கணினியில் ரயிலை ஓட்டிக் காட்டினோம். வளைவுக்கு வளைவு தவழ்ந்து, பேருந்தைவிட ஒன்பது நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. ஓரிடத்தில் மட்டும் பறந்தது. அமைச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முழுத் தடத்தையும் இப்படியே போட்டிருக்கலாமே, யாருக்கும் தோன்றவில்லையா என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஜூன் 30
அக்கா தட்டுமுட்டுச் சாமான்களோடு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். வந்ததும் அடுப்பங்கரைக்குள் நுழைந்தாள். சாப்பிடும்போது, தன் சமையலறையைத் தாண்ட ரயிலுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள். கடைசிப் பெட்டி வரை கணக்குப் போட்டு, ஆறு விநாடி என்றேன்.
"அவ்வளவுதானா? நம்ம வீட்டுக்கு வந்த யாரும் சாப்பிடாம போனதில்லையேடா" என்றாள்.
என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.