முன்வரிசையில் யார் இருப்பார்கள்?

என் டீச்சரம்மாவுக்கு,

உன் மோட்டார்க்காரன் எழுதுவது. நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். உடம்பு நலம்தான். மற்றதைக் கீழே படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். உன் தங்கைக்கு ஆபரேஷன் புண் ஆறிவிட்டதா? அவளைப் படியேற விடாதே. சொன்னால் கேட்க மாட்டாள், உன் கூடப் பிறந்தவள்தானே.

போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் மூன்று வார்த்தை சொல்வதற்குள் நீ நான்காவதைச் சொல்வாய், நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். போன மாதம் முழுக்க அப்படித்தானே போனது. இதை நீ கடைசிவரை கேட்டாக வேண்டும். அதனால் உட்கார்ந்து படி.

நீ பஸ் ஏறிய அன்று நான் சொன்னதை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. “உன் தவளைங்கள நான் பார்த்துக்கிறேன், அது என்ன பெரிய வித்தையா?” என்றேன். நீ ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினாய்.

பெரிய பிள்ளைகளின் நாட்டிய வகுப்பை உன் மூத்த மாணவி ஒழுங்காக நடத்துகிறாள், அதில் குறை இல்லை. சிக்கல் வந்தது சின்னதுகள் வகுப்பில். நீ போன இரண்டாவது வாரமே மருந்துக்கடைக்காரம்மா தன் இரட்டைப் பிள்ளைகளோடு வந்து நின்றாள். “ஆறு மாசமா தவளை, கொக்குன்னு குதிக்குதுங்க. ஆண்டு விழாவுல இதையா காட்டப் போறீங்க?” என்று கேட்டாள். உள்ளுக்குள் எனக்கும் அதே எண்ணம் இருந்ததால் தலையை ஆட்டினேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாய் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை.

புது மாஸ்டர் ஒருவரைப் பிடித்து வந்தேன். முடியில் நீலச் சாயம், காலில் பளபளா ஷூ. கெட்டவர் இல்லை, உழைப்பாளி. ஆனால் பெரியவர்களுக்குத்தான் சொல்லிக்கொடுத்துப் பழக்கம். வந்ததும் முதல் வேலையாக, சின்னதுகள் வகுப்பில் நீ சுவர்க் கண்ணாடிக்குப் போட்டிருந்த திரையைக் கழற்றச் சொன்னார். ஏணி போட்டுக் கழற்றியவன் நான்தான். ஒரு சினிமாப் பாட்டை எடுத்தார். இரண்டே வாரத்தில் பத்தொன்பது குழந்தைகளும் ஒரே மாதிரி திரும்பி, ஒரே மாதிரி இடுப்பில் கைவைத்தன. பெற்றோர்கள் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீடியோ எடுத்து நம் ஸ்டுடியோவின் இணையப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி போட்டுவிட்டேன். உனக்கு ஏன் அனுப்பவில்லை என்று இப்போது யோசித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை ஒத்திகை. நான் வாசலில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, விழாவில் முன்வரிசையில் உட்காரப்போகிற ஊர்ப் பெரிய மனிதர்களின் பெயர்களை அட்டையில் எழுதிக்கொண்டிருந்தேன். பட்டாணி வந்தது. அதுதான், உன் கையைப் பிடித்தால்தான் ஒற்றைக்காலில் நிற்பேன் என்று அடம்பிடிக்குமே, அந்த ஐந்து வயசு. “மோட்டார் மாமா, ஒரு டவுட்டு. இந்த எடத்துல யாரைப் பாத்துக் கண்ணடிக்கணும்? மாஸ்டர் முன்னாடி பாருன்னு சொல்றாரு. முன்னாடி யாரு இருப்பாங்க?” என்று கேட்டது.

என் கையில் அட்டைகள் இருந்தன. யார் யார் இருப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அட்டைகளைக் கவிழ்த்து வைத்தேன். அது இரண்டு கண்ணையும் ஒன்றாக மூடித் திறந்து காட்டி, “ஒரு கண்ணு மட்டும் எனக்கு வரல மாமா” என்று வருத்தப்பட்டுவிட்டு உள்ளே ஓடிவிட்டது.

புதிதாகச் சுற்றிய கம்பியில் பூசிய வார்னிஷ் காய்வதற்குமுன் கரண்ட் கொடுத்தால் மோட்டார் எரிந்துபோகும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன் நான். நீ ஒன்பது வருஷமாகச் சொன்னதும் அதுதானே. எனக்குத்தான் உறைக்கவில்லை.

உடனே வீடியோவை எடுக்கலாம் என்று பக்கத்தைத் திறந்தேன். கீழே, முகம் தெரியாத எவனோ ஒருவன் பட்டாணியைக் குறிப்பிட்டு ஒரு வரி எழுதியிருந்தான். அதை இங்கே எழுத மாட்டேன். போலீசில் புகார் கொடுக்க வேண்டுமே என்று அந்த வரியைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, வீடியோவை அழித்தேன். ஆயிரத்துக்கும் மேல் பேர் பார்த்திருக்கிறார்கள். எத்தனை பேரிடம் அது இன்னும் இருக்கிறதோ, எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை பட்டாணியின் வீட்டுக்குப் போனேன். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. போகிற வழியெல்லாம் அந்த யோசனையும் வந்தது, உன்னிடம் மறைக்கவில்லை. அவள் அம்மா தபால் பிரிக்கும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். நின்றபடியே கேட்டாள். புகாரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

புகாரைக் கொடுத்துவிட்டு வந்து, அந்தப் பாட்டு வேண்டாம் என்று மாஸ்டரிடம் சொன்னேன். “சின்னப் பசங்க செஞ்சா அழகா இருக்கும் சார், எல்லா எடத்துலயும் இதத்தான் கேக்கறாங்க” என்றார். பட்டாணி கேட்டதை அப்படியே சொன்னேன். குனிந்து ஷூ நாடாவை இறுக்கிக் கட்டினார். பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபமா, வெட்கமா என்று சொல்லத் தெரியவில்லை.

மருந்துக்கடைக்காரம்மாவுக்குச் சந்தேகமில்லாமல் கோபம்தான். பன்னிரண்டு வீட்டாரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தாள். பாட்டு மேடை ஏறாவிட்டால் பன்னிரண்டு பிள்ளைகளையும் நிறுத்திவிடுவார்களாம். “துணியெல்லாம் தைச்சாச்சு. பிள்ளைங்க எவ்வளவு ஆசையா இருக்குதுங்க தெரியுமா? உங்க ஒருத்தர் மனசுல கோணல் இருந்தா நாங்க என்ன பண்றது?” என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். சுருக்கென்றது. பாட்டு கிடையாது என்று சொன்னேன். பன்னிரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். நீ ஒவ்வொன்றாகச் சேர்த்த வகுப்பு, நான் ஐந்து வாரத்தில் கலைத்துவிட்டேன்.

அப்புறம்தான் உன் பச்சை நோட்டைத் திறந்தேன். “நான்கு வயது: எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றினால் போதும். ஐந்து வயது: நில் என்றால் நிற்க வேண்டும், இந்த வருஷத்துக்கு அதுவே நாட்டியம்.” அதற்குக் கீழே, கண்ணாடித் திரை பற்றி: “முதலில் தரை பழகட்டும். தன் முகம் அப்புறம்.” இத்தனை வருஷம் இந்த நோட்டின்மேல் டீ டம்ளரை வைத்திருக்கிறேன்.

நேற்று வகுப்பு நடந்தது. உன் மாணவி நோட்டைப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தாள். குழந்தைகள் தாண்டிக் குதிக்க ஒரு மரக்கட்டை வேண்டும் என்றாள். நான் தரையில் படுத்துக்கொண்டேன். ஆறு தவளைகள் என்மேல் குதித்துப் போயின. அதில் ஒன்று என் வயிற்றிலேயே இறங்கிவிட்டு, “கட்டை மெத்துனு இருக்கு” என்றது. நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

வகுப்பு முடியும் நேரத்தில் வாசலில் பட்டாணி, அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றது. உள்ளே வரப் பார்த்தது. அம்மா விடவில்லை. என்னிடம், “இவ அழறான்னுதான் காட்டக் கூட்டிட்டு வந்தேன். மிஸ் வந்தா அனுப்பறேன். உங்கள நம்பி அனுப்ப மாட்டேன்” என்றாள். நியாயமான பேச்சு. நான் கும்பிட்டுவிட்டு நின்றேன்.

கூரியரில் போடுகிறேன், சனிக்கிழமை கிடைத்துவிடும். விழா அதற்கு அடுத்த வாரம் ஞாயிறு. தங்கையைத் தனியாக விட்டுவிட்டு ஓடிவா என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. மன்னித்துவிட்டு வா என்று கேட்கவும் முகமில்லை. கோபம் தீராவிட்டால் பரவாயில்லை, திட்டிக்கொண்டே வா. திரையைத் திரும்பவும் மாட்டிவிட்டேன், தலைகீழாக மாட்டியிருக்கிறேனாம், உன் மாணவி சொன்னாள். முன்வரிசை அட்டைகளையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டேன். அங்கே அம்மா அப்பாக்கள்தான் உட்காருவார்கள்.

நோட்டில் நீ போட்டிருந்த படத்தைப் பார்த்து, தரையில் சாக்பீஸால் பத்தொன்பது வட்டமும் வரைந்து வைத்திருக்கிறேன். தினமும் அழிகிறது, தினமும் வரைகிறேன். பன்னிரண்டு பேரின் வட்டங்களில் மற்றப் பிள்ளைகள் புகுந்து விளையாடுகிறார்கள், விட்டுவிடுகிறேன். பட்டாணியின் வட்டத்தில் மட்டும் யாரையும் கால்வைக்க விடுவதில்லை. நீ வந்து அதன் கையைப் பிடித்தால்தான் அது ஒற்றைக்காலில் நிற்கும்.

நீயும் உன் தங்கையும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்ற நினைப்போடு,

உன் மோட்டார்க்காரன்